லெகியின் எடை அட்டை

எங்கள் தெருவில் பிள்ளை பெற்றவர்கள் மாமியாருக்குப் பயப்படுவதில்லை. வினார்சிக்குத்தான் பயப்படுவார்கள். மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை தெருத்தலைவர் வீட்டு முற்றத்தில் குழந்தைகளுக்கு எடை பார்ப்போம். உத்தரத்தில் தராசு, தராசில் சாரோங் கைலியால் கட்டிய தூளி, தூளிக்குள் வீரிட்டு அலறும் ஒரு குழந்தை. எடையை உரக்கச் சொல்வது வினார்சி. அதை நோட்டில் எழுதுவது நான், குஸ்தியா. இருபத்தேழு வருடமாக இப்படித்தான். சம்பளம் கிடையாது. வருடத்துக்கு ஒரு சீருடைத் துணி தருவார்கள், அதுவும் எனக்குப் பிடிக்காத நிறத்தில்தான் வரும்.

ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அட்டை உண்டு. அதில் பச்சைப் பட்டை, அதற்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே சிவப்புக் கோடு. மாதாமாதம் புள்ளி வைத்துக் கோட்டை நீட்டிக்கொண்டே போக வேண்டும். நோட்டின் கடைசிக் கட்டத்தில் இரண்டில் ஒன்றைத்தான் எழுதலாம்: ஏறியது, அல்லது ஏறவில்லை. ஏறியது என்றால் தாய்க்கு ஒரு கிண்ணம் பச்சைப்பயறுக் கஞ்சியும் வினார்சியின் சிரிப்பும் கிடைக்கும். ஏறவில்லை என்றால் கஞ்சி மட்டும் கிடைக்கும். வினார்சி இடுப்பில் கை வைத்து நின்றுகொள்வாள்.

பச்சைக் கதவு வீட்டு ரெத்னோவை ஒருமுறை அப்படித்தான் பிடித்துக்கொண்டாள். அவள் மகன் சேத்யோவுக்கு ஒன்றரை வயது, எடை போன மாதம் இருந்த இடத்திலேயே நின்றிருந்தது. இருபது பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, "என்ன ஊட்டுற ரெத்னோ? காத்தையா ஊட்டுற?" என்று கேட்டுவிட்டாள். ரெத்னோ முகத்தில் ஈயாடவில்லை. குழந்தையை வாரிக்கொண்டு போனவள் பிறகு மாதக்கணக்கில் எடை நாள் பக்கமே வரவில்லை. நீ கேட்டது அதிகம் என்று நான் சொன்னேன். கேட்காவிட்டால் பிஸ்கட்டை ஊட்டியே பிள்ளையை ஒப்பேற்றிவிடுவார்கள் என்றாள்.

வினார்சிக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, அதனால் நானும் இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அவள் கணவர் சுபாண்டி வேன் ஓட்டி ஓய்ந்தவர், வெள்ளந்தி. போன வருடம், ஐந்து நாளைக்கு ஒருமுறை வரும் லெகிச் சந்தை நாளன்று பறவைச் சந்தைக்குப் போனவர் வீட்டில் வளர்க்கும் குயிலுக்குத் தீனி வாங்காமல், சட்டைப் பையில் ஒரு துணிச் சுருக்குப்பையை வைத்துக்கொண்டு வந்து நின்றார். பைக்குள்ளே ஒரு ஷுகர் கிளைடர். அணில் குட்டி மாதிரி, ஆனால் அணில் இல்லை. முகத்தில் பாதி கண். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவில் ஒரு தோல், அதை விரித்தால் அலமாரி மேலிருந்து ஆள் தோளுக்கு மிதந்து வந்துவிடும். காட்டில் இருப்பவை பாப்புவாவில் மரம் விட்டு மரம் தாவுமாம். எங்கள் மலையூர் சலாத்திகாவில் இளவட்டங்கள் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு காப்பிக் கடைக்குப் போகிறார்கள். லெகி நாளில் வந்ததால் வினார்சி அதற்கு லெகி என்றே பெயர் வைத்தாள்.

விற்றவன் குட்டியோடு ஒரு பாக்கெட் குழந்தைக் கஞ்சி மாவும் கொடுத்து அனுப்பியிருந்தான். மூன்று வேளையும் இதைக் கரைத்துக் கொடுத்தால் போதும் என்றானாம். இங்கே வளர்க்கிற எல்லோரும் அதைத்தான் கொடுக்கிறார்கள். வினார்சிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. வெறும் கஞ்சி மாவை மூன்று வேளையும் ஊட்டுகிறவளை அவள் எடை நாளில் சும்மா விடுவாளா? எடை பார்க்கும் முற்றத்துச் சுவரில் ஒட்டியிருந்த ஊட்டச்சத்துப் படத்தை எடுத்து வந்து அடுப்படியில் மாட்டினாள். தானியம், பயறு, மாமிசம், காய் பழம் என்று நான்கு வகையும் தட்டில் இருக்க வேண்டும். அரிசிக் கஞ்சியில் கோழி ஈரலை மசித்து, பச்சைப்பயறு சேர்த்து, வாழைப்பழம் பிசைந்து, மேலே அரை ஸ்பூன் தேங்காய்ப்பால். அந்தத் தெருவில் எந்தக் குழந்தையும் அவ்வளவு முறையாகச் சாப்பிட்டதில்லை.

பிறகு அட்டை. பழைய அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாள். கலர் பென்சிலால் பச்சையும் மஞ்சளும் தீட்டினாள், நூற்றிருபது கிராமில் சிவப்புக் கோடு இழுத்தாள். எந்தக் கணக்கில் இழுத்தாய் என்று கேட்டேன். ஓர் உத்தேசம்தான் என்றாள். பயல் வளர்ந்த ஆளாகிவிட்டால் நூற்றிருபதுக்குக் கீழே இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கேக் செய்கிற தராசில் கிண்ணத்தை வைத்து, அதில் லெகியை உட்கார வைத்து, வாராவாரம் எடை பார்த்தாள். நாற்பத்தெட்டு கிராமில் ஆரம்பித்தது. எண்பது, நூற்றுப்பத்து, நூற்று நாற்பது. சிவப்பையும் மஞ்சளையும் தாண்டிக் கோடு பச்சைக்குள் ஏறிக்கொண்டே போனது.

நான் கிண்டல் செய்யாத நாள் இல்லை. சொட்டு மருந்து எப்போது, பள்ளிக்கூடத்தில் எப்போது சேர்க்கப் போகிறாய் என்று கேட்பேன். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். எடை நாளில்கூட லெகி அவள் கழுத்துப் பைக்குள் தூங்கிக்கொண்டு வரும், அட்டை என் நோட்டுக்குள் செருகியிருக்கும். தாய்மார்கள் எட்டிப் பார்த்து, நல்ல புஷ்டி என்பார்கள். அவள் முகத்தில் அப்போது ஒரு பெருமை வரும். அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது, வெளியே சொன்னதில்லை.

நூற்று அறுபத்தெட்டு கிராம் வந்த வாரம்தான் அது நடந்தது. சாயங்காலத் தொழுகை முடிந்து விளக்குப் போட்டதும் லெகி எப்போதும் போல விழித்தது. பையின் விளிம்பைப் பிடித்து ஏறப் பார்த்தது. முன்கைகள் பிடித்தன, பின்னங்கால்கள் வரவில்லை. தரையில் விட்டால் இடுப்புக்குக் கீழே ஈரத்துணியை இழுத்துக்கொண்டு போவது போல நகர்ந்தது. வினார்சி ஓடி வந்து என்னைக் கூப்பிட்டாள். நான் போனபோது அவள் அதைத் தராசில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் நூற்று அறுபத்தெட்டு.

"எடை சரியாத்தானே குஸ் இருக்கு. அப்புறம் ஏன் நிக்க மாட்டேங்குது?"

எனக்கு என்ன தெரியும்? விழுந்திருக்கும் என்றேன். விழவில்லை என்றாள். குளிராக இருக்கும் என்றேன். மெர்பாபு மலைப் பனி புதிதா என்ன என்றாள்.

அடுத்த இரண்டு நாள் அவள் பட்ட பாடு கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான். விற்றவனைப் போய்ப் பிடித்தாள். நீங்கள் கண்டதையும் சேர்த்ததால் வந்த வினை, கஞ்சி மாவு மட்டும் கொடுங்கள் என்றான். வளர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டாள். ஒருவன் வாழைப்பழத்தைக் கூட்டச் சொன்னான். இன்னொருவன் வாழைப்பழமே விஷம் என்றான். ஒருத்தி தேன், ஒருத்தி தயிர். ஒருத்தர் மஞ்சள் எண்ணெய் தேய்த்து வெயிலில் காட்டு என்றார். அதற்குக் கீழேயே வேறொருத்தர், வெயிலில் காட்டினால் செத்துவிடும் என்று எழுதியிருந்தார். ஆளாளுக்கு நாட்டாமை. வினார்சி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். செய்ய வேண்டியது என்று ஒரு பக்கம், செய்யக் கூடாதது என்று ஒரு பக்கம். கடைசியில் பார்த்தால் இரண்டு பக்கத்திலும் அதே சாமான்கள். என்னிடம் நீட்டினாள், நான் படித்துவிட்டு எனக்கும் தலைகால் புரியாமல் திருப்பிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் சுபாண்டியின் பைக்கில் மலையில் மேலே இருக்கும் கெத்தாசான் ஊருக்குப் போனார்கள். இடமில்லாததால் நான் பால்காரர் வேனில் பின்னால் போனேன். அங்கே மாட்டு டாக்டர் ஹார்யோகோ இருக்கிறார். முழங்கை வரை மாட்டுக்குள் கையை விடுகிற மனிதர். உள்ளங்கை அளவு லெகியை வாங்கி, இரண்டு விரலால் பின்னங்காலைத் தடவித் தடவிப் பார்த்தார். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

வினார்சி நிமிர்ந்து உட்கார்ந்து ஒப்பித்தாள். நான்கு வகையும் சொன்னாள், தேங்காய்ப்பாலையும் விடவில்லை. பிறகு கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். பரீட்சை மார்க்கை நீட்டுகிற பிள்ளை மாதிரி இருந்தாள். டாக்டர் அந்தப் பச்சைக் கோட்டை வெகுநேரம் பார்த்தார்.

"இபு," என்று மரியாதையாகக் கூப்பிட்டார். "கன்னு போட்ட மாடு திடீர்னு படுத்துக்கிட்டு எந்திரிக்காது, பாத்திருக்கீங்களா? பெரும்பாலும் நல்லா கொழுத்த மாடாத்தான் இருக்கும். சுண்ணாம்புச் சத்து பத்தாம படுத்துரும். இது மாடு இல்ல, ஆனா கத ஏறக்குறைய அதுதான்."

"எடை ஏறிக்கிட்டேதானே டாக்டர் இருந்துச்சு?"

"கொழுப்பு ஏறுச்சு. எலும்பு எளச்சுப் போச்சு. தராசு ரெண்டையும் சேத்துத்தானே காட்டும்."

அவர் விளக்கினார். வாழைப்பழம், ஈரல், சோளம் மாதிரிச் சாமான்களில் இருக்கிற ஒரு சத்து அளவுக்கு மீறினால் எலும்பிலிருக்கும் கால்சியத்தை உருவிவிடும். இது காட்டில் பூச்சியும் மரப்பிசினும் தின்கிற ஜாதி, சோறு தின்கிற ஜாதி இல்லை. பெரிய ஊரில் இருக்கும் தன் படிப்புத் தோழிக்குப் போன் போட்டுக் கேட்டும் சொன்னார். வெட்டுக்கிளியைக் கால்சியம் பொடியில் பிரட்டிக் கொடுக்க வேண்டும். அவித்த முட்டை, கீரை, கொஞ்சம் பப்பாளி, எல்லாம் ஒன்றாக மசித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இனிப்பை மட்டும் பொறுக்கிக்கொள்ளும். ஏறவே முடியாத தாழ்ந்த பெட்டிக்குள் ஆறு வாரம். எழுந்துகொள்ளுமா என்று வினார்சி கேட்டாள். எலும்பு ஒடியாமல் இருந்தால் எழுந்துகொள்ளலாம், தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டார்: வீட்டில் வேறு யாராவது ஏதாவது கொடுக்கிறார்களா?

இல்லை என்று வினார்சி சட்டென்று சொன்னாள். சுபாண்டி தன் செருப்பைப் பார்த்தார்.

"சாயங்காலம் டீ குடிக்கிறப்ப விரல்ல தொட்டு நக்க விடுவேன்," என்றார். "சக்கரை டீதான். நல்லா நக்கும்."

வினார்சி அவரைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் மனசு கேட்கவில்லை.

"நான் சுட்ட சோளம் குடுப்பேன்," என்றேன். "தெனம் ஒரு அஞ்சாறு முத்து. நீ அடுப்படிக்குப் போறப்ப."

"தெனமுமா?"

"தெனமுந்தான்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஒன்பது மாதம் கிண்டல் செய்துகொண்டே அந்தக் கோட்டை ஏற்றிவிட்டவர்களில் நானும் ஒருத்தி. பால்காரர் வேனில் இறங்கி வரும்போது வழியெல்லாம் அழுதேன்.

புதுச் சாப்பாட்டை லெகி சீந்தவில்லை. நக்கிப் பார்க்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வினார்சி இப்போது தினமும் எடை பார்த்தாள்: நூற்று அறுபத்தெட்டு, நூற்று அறுபது, நூற்று ஐம்பத்தொன்று. பச்சைக்குள் இருந்த கோடு மஞ்சளுக்கு இறங்கியது. இருபத்தேழு வருடம் கோடு இறங்கினால் கத்திய பெண் அவள். இப்போது தன் கையாலேயே இறங்குகிற புள்ளிகளை வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள், நான் ஏதாவது சொல்வேன் என்று. எது சரி என்று எனக்கும் தெரியவில்லை.

புதுச் சாப்பாடு தொடங்கிய மூன்றாம் நாள் சாயங்காலம் நான் போனபோது அடுப்படியில் பழைய வாசனை வந்தது. ஈரல், வாழைப்பழம், தேங்காய்ப்பால். கிண்ணம் தயாராக இருந்தது. ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து லெகி மூக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடித்தது.

"பட்டினி போட்டுக் கொல்றேனா, வைத்தியம் பாக்குறேனா? எனக்குப் புரியவே இல்ல குஸ். நீ ஏதாவது ஒண்ணு சொல்லு, செய்யுறேன்."

சோளம் கொடுத்த கை என்னுடையது. நான் எந்த வாயால் சொல்வது? தெரியவில்லை என்று மட்டும் சொன்னேன். ஸ்பூன் பெட்டிக்குள் பாதி தூரம் போனது. அங்கேயே நின்றது. பிறகு அவள் அதை வெளியே எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொரு ஸ்பூன். கிண்ணம் காலியாகும் வரை, கண்ணீர் பாட்டுக்கு வழிய வழிய, முழுவதையும் தின்று தீர்த்தாள். வீட்டில் அது இருந்தால் கொடுத்துவிடுவேன் என்றாள். உப்பில்லாத ஈரல் கஞ்சி, நானாக இருந்தால் ஒரு வாய்கூடத் தின்றிருக்க மாட்டேன்.

மறுநாள் விடிகாலையில் வெட்டுக்கிளியில் பாதியைக் காணோம். கால்சியம் பொடி மீசையோடு லெகி தூங்கிக்கொண்டிருந்தது. சுபாண்டி வாசலுக்கு வந்து என் வீட்டுப் பக்கம் பார்த்துக் கையசைத்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்றிலிருந்து அவர் டீயைத் தெருவில் நின்று குடிக்கிறார்.

சாப்பிட ஆரம்பித்த பிறகும் எடை இறங்கியது. இறங்கத்தான் வேண்டும் என்று டாக்டர் போனில் சொன்னார், நூற்றிருபதை ஒட்டி நின்றால் அதற்கு அதுதான் அளவாம். ஆனால் அட்டையில் சிவப்புக் கோடு அங்கேதானே இருக்கிறது? அதை அழித்து வேறு இடத்தில் போடு என்றேன். இஷ்டத்துக்கு அழித்து எழுதுவதற்கா அட்டை என்று சீறினாள். முதலில் இஷ்டத்துக்கு இழுத்தது யார் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ஐந்தாவது வாரம் புள்ளி நூற்றுப் பதினெட்டில் விழுந்தது. பின்னங்கால் லேசாக உதைக்கத் தொடங்கியிருந்தது, ஆனால் நிற்கவில்லை. நல்லது நடக்கிறதா கெட்டது நடக்கிறதா என்று வினார்சிக்கு அப்போதும் பிடிபடவில்லை.

பெட்டிக்குள் ஆறு வாரம் முடிந்து வந்த எடை நாளில் யாரும் எதிர்பார்க்காமல் ரெத்னோ வந்தாள். தெருத்தலைவர் வீட்டுக்காரி போய்க் கெஞ்சி அழைத்து வந்திருந்தாள். சேத்யோவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அடி வாங்க வந்தவள் போல வரிசையின் கடைசியில் நின்றாள். அவள் முறை வந்தபோது நான் நோட்டைப் புரட்டினேன், லெகியின் அட்டை நழுவி அவள் காலடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தாள்.

"யாரோட அட்டை இது? செவப்புக்குக் கீழ போயிருக்கே."

"என்னோடதுதான்," என்றாள் வினார்சி.

ரெத்னோ அவள் கழுத்துப் பையைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள்.

"என்ன ஊட்டுறீங்க இபு? காத்தையா ஊட்டுறீங்க?"

கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். வினார்சியின் கை பழக்கத்தில் இடுப்புக்குப் போனது, போன வேகத்தில் கீழே இறங்கியது.

"பூச்சி ஊட்டுறேன் ரெத்னோ. காலைல என் முழங்கைல இருந்து தோள் வரைக்கும் ஏறிட்டான். பின்னங்காலாலயே எம்பி எம்பி ஏறுனான்."

என்னிடம்கூட அவள் இதைச் சொல்லியிருக்கவில்லை. வாய்விட்டுச் சொன்னால் பலிக்காமல் போய்விடுமோ என்று பயந்தாளாம். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ரெத்னோ அட்டையைப் பத்திரமாக என் நோட்டுக்குள் செருகினாள். அவள் முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

சேத்யோவைத் தூளியில் உட்கார வைத்தார்கள். ஒன்பது கிலோ இருநூறு. கடைசியாக வந்தபோது ஒன்பது நானூறு. ரெத்னோ தரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். ஏறவில்லை என்று நான் எழுதப் போனேன்.

"இரு குஸ்," என்றாள் வினார்சி.

பையனைத் தூளியிலிருந்து இறக்கித் தரையில் விட்டாள். அவன் கஞ்சிப் பானையைக் குறிவைத்து ஓடினான், விழுந்தான், எழுந்து மறுபடி ஓடினான். வினார்சி அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது, வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"தெரியலன்னு எழுது."

கட்டத்தில் இரண்டில் ஒன்றைத்தான் எழுதலாம் என்று அவளுக்கு ஞாபகப்படுத்தினேன்.

"தெரியலன்னே எழுது குஸ். ரெத்னோ, நாளைக்குக் காலைல புள்ளைங்க டாக்டர்கிட்டக் கேட்டுருவோம். நானும் கூட வர்றேன்."

எழுதினேன். இருபத்தேழு வருட நோட்டில் அந்த வார்த்தைக்கு இடமில்லாததால் எழுத்துகள் கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டன. ரெத்னோ கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள், வீட்டுக்குப் போகாமல் வினார்சியின் பக்கத்திலேயே உட்கார்ந்து குடித்தாள்.